திருமணத்துக்குக் காப்பீடு: எதற்காக எடுக்க வேண்டும், எப்படி எடுக்க வேண்டும்

ஆடி, புரட்டாசி, மார்கழி ஆகிய மாதங்களைத் தவிர்த்துவிட்டு முகூர்த்தம் பார்க்கும் தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கு ஐப்பசியும் கார்த்திகையும் முக்கியமான மாதங்கள். வடகிழக்குப் பருவமழை வலுத்துப் பெய்வதும் அதே இரண்டு மாதங்களில்தான். 2015 டிசம்பர் 1 அன்று சென்னையை மூழ்கடித்த மழை, 2016 டிசம்பர் 12 அன்று சென்னையருகே கரையைக் கடந்த வர்தா, 2018 நவம்பர் 16 அன்று டெல்டாவின் தென்னந்தோப்புகளைச் சாய்த்த கஜா, 2020 நவம்பர் இறுதியில் வந்த நிவர், 2023 டிசம்பர் முதல் வாரத்தில் சென்னையை முடக்கிய மிக்ஜாம், 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரிக்கு அருகே கரையேறிய ஃபெஞ்சல் ஆகிய ஆறுமே ஐப்பசி, கார்த்திகை மாதங்களுக்குள் நிகழ்ந்தவை. நாள் குறித்து, மண்டபம் பிடித்து, பத்திரிகை அடித்து, ஊரெல்லாம் அழைத்துவிட்ட ஒரு குடும்பத்துக்கு அப்படிப்பட்ட ஒரு நாளில் என்ன நேரும் என்று யோசித்துப் பார்த்தால், திருமணக் காப்பீடு வெளிநாட்டு வழக்கம் என்றோ பணக்காரர்களின் ஆடம்பரம் என்றோ ஒதுக்கிவிட முடியாது.

முன்பெல்லாம் திருமணச் செலவு பெற்றோரின் கணக்கில்தான் இருந்தது. இப்போது மண்டப அட்வான்ஸையும் புகைப்படக்காரருக்கான தொகையையும் வேலைக்குப் போகும் மணமக்களே கட்டுவதும், போதாததற்குத் தனிநபர் கடன் வாங்குவதும் பரவலாகிவிட்டன. திருமணம் நின்றுபோனாலும் கடன் தவணை நிற்காது. ஆகவே இதைப் பற்றி முடிவெடுக்க வேண்டியவர்கள் மணமக்களே என்பது என் கருத்து. பெரியவர்களிடம் இந்தப் பேச்சை எடுத்தால் "நல்ல காரியத்துக்கு முன்னால் இதெல்லாம் எதற்கு" என்ற பதில் வரக்கூடும். வண்டி வாங்கும்போது எலுமிச்சம்பழம் வைத்துப் பூஜை போடும் அதே குடும்பம் அந்த வண்டிக்கு இன்சூரன்ஸும் எடுத்துத்தான் சாலையில் இறக்குகிறது என்பதை மரியாதையோடு நினைவூட்டலாம்.

பாலிசி எதற்குப் பணம் தரும்

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். இது எல்ஐசி போன்ற ஆயுள் காப்பீட்டு நிறுவனங்கள் தரும் பாலிசி அன்று. தீ, வாகனம், கடை, வீடு போன்றவற்றுக்குக் காப்பீடு தரும் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களிடம்தான் இதைக் கேட்க வேண்டும். எல்லா நிறுவனங்களும் இதற்கெனத் தனிப் பெயரில் பாலிசி வைத்திருப்பதில்லை. சில, நிகழ்ச்சிகளுக்கான பொதுவான பாலிசியைத் திருமணத்துக்குப் பொருத்தித் தருகின்றன. கிளை அலுவலகத்துக்கு நேரில் சென்று கேட்பதும், குறைந்தது இரண்டு நிறுவனங்களின் நிபந்தனைகளை வாங்கி ஒப்பிட்டுப் படிப்பதும் நல்லது.

பொதுவாக இந்தப் பாலிசி நான்கு பிரிவுகளாக இருக்கும். தீ, வெள்ளம், புயல், நிலநடுக்கம் போன்றவற்றாலோ, மணமக்களுக்கோ பாலிசியில் பெயர் குறிப்பிடப்பட்ட நெருங்கிய உறவினருக்கோ ஏற்படும் மரணம், விபத்து, மருத்துவமனை அனுமதி ஆகியவற்றாலோ திருமணம் ரத்தானாலும் தள்ளிப்போனாலும் திரும்பக் கிடைக்காத செலவை ஈடுசெய்வது முதல் பிரிவு. மேடை அலங்காரம், பந்தல், நகை, வாடகைக்கு எடுத்த பொருட்கள் போன்ற உடைமைகளுக்கு நேரும் சேதமும் களவும் இரண்டாவது. மணமக்களுக்கும் குடும்பத்தினருக்கும் நேரும் விபத்து மூன்றாவது. விருந்தினருக்கோ மண்டபத்துக்கோ மூன்றாம் தரப்பினர் எவருக்கேனுமோ நம் நிகழ்ச்சியால் தீங்கு நேர்ந்து, சட்டப்படி நாம் இழப்பீடு தர வேண்டி வந்தால் அதை ஏற்பது நான்காவது.

பலரும் தேவையில்லை என்று விட்டுவிடும் இந்த நான்காவது பிரிவைச் சற்று நின்று பார்க்க வேண்டும். 2004 ஜனவரி 23 அன்று ஸ்ரீரங்கத்தில் ஒரு திருமண மண்டபத்தில் பற்றிய தீயில் மணமகன் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கீற்றுக் கொட்டகை, வீடியோ விளக்குகளுக்கு இழுத்த மின்கம்பிகள், பின்கட்டில் வரிசையாக நிற்கும் எரிவாயு சிலிண்டர்கள், வாடகை ஜெனரேட்டர் ஆகியவை இன்றைக்கும் நம் திருமணங்களில் உள்ளவையே. ஆயிரம் பேர் சாப்பிடும் பந்தியில் உணவு கெட்டுப் பலர் மருத்துவமனைக்குப் போக நேர்ந்தாலும், சமையல் காண்ட்ராக்டரோடு சேர்த்து நிகழ்ச்சியை நடத்தியவர்களையும் பொறுப்பாக்கி வழக்கு வரலாம். உணவு நச்சால் வரும் பொறுப்பு இந்தப் பிரிவில் அடங்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எந்தப் பிரிவைச் சுருக்கினாலும் இதைச் சுருக்காதீர்கள்.

எதற்குத் தராது

மணமகனோ மணமகளோ மனம் மாறுவது, இரு வீட்டாருக்கும் இடையே மூளும் சண்டை, சீர் தகராறு ஆகியவற்றால் நிற்கும் திருமணத்துக்கு எந்தப் பாலிசியும் பணம் தராது. ரயிலையோ விமானத்தையோ தவறவிட்டது, வண்டி பழுதானது, மின்சாரம் போனது, பட்டுப் புடவை தொலைந்தது, போர், சட்டத்துக்குப் புறம்பான செயல் ஆகியனவும் வழக்கமாக விலக்குப் பட்டியலில் இருக்கும். பயங்கரவாதம், வேலைநிறுத்தம், கலவரம் ஆகியவை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். 2020 மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு வந்து, திருமணத்துக்கு ஐம்பது பேர் என்ற வரம்பும் வந்தது நினைவிருக்கும். அதன்பின் பெருந்தொற்றை வெளிப்படையாகவே விலக்கும் வாசகம் பல பாலிசிகளில் காணப்படுகிறது. படித்துப் பாருங்கள்.

பொதுவான இந்த விலக்குகளைக் காட்டிலும், நம் ஊர்த் திருமணங்கள் நடக்கும் முறைக்கும் பாலிசியின் வாசகத்துக்கும் இடையே விழும் இடைவெளிகள்தான் அதிகம் கவலைக்குரியவை.

முதலாவது, தீட்டு. பங்காளி வீட்டில் ஓர் இறப்பு நேர்ந்தால், அந்தப் பெரியவரை மணமகள் இரண்டு தடவைதான் பார்த்திருப்பாள் என்றாலும், கருமாதி முடியும்வரை திருமணத்தைத் தள்ளிவைக்கும் குடும்பங்கள் உண்டு. காப்பீட்டு நிறுவனத்துக்குப் பங்காளி என்ற உறவு தெரியாது. பாலிசி அட்டவணையில் யார் யார் பெயர் எழுதப்பட்டிருக்கிறதோ அவர்களுடைய இறப்பு மட்டுமே கணக்கில் வரும். பெற்றோர், உடன்பிறந்தோர் தவிர தாத்தா பாட்டி, தாரை வார்த்துக் கொடுக்கப்போகும் பெரியப்பா, மாலை மாற்றத் தோள் கொடுக்கும் தாய்மாமன் ஆகியோரையும் சேர்க்க முடியுமா என்று கேளுங்கள். வயது வரம்பும் ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான விலக்கும் குறுக்கே நிற்கலாம். எண்பது வயதுப் பாட்டி இதய நோயால் இறந்தால் பணம் வராது என்பது முன்கூட்டியே தெரிந்திருந்தால் பின்னால் ஏமாற்றம் இருக்காது.

இரண்டாவது, முகூர்த்தத்தை விடாத நம் பிடிவாதம். மண்டபத்துக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நின்றாலும், குறித்த நேரத்தில் பக்கத்துக் கோயிலில் தாலி கட்டிவிடுவோம். அது சரியும்கூட. ஆனால் திருமணம் நடந்துவிட்டது, ஆகவே ரத்து இல்லை என்று நிறுவனம் வாதிட இடமிருக்கிறது. கோயிலில் தாலி கட்டி, மண்டப நிகழ்ச்சியையும் வரவேற்பையும் மட்டும் கைவிட்டால் அந்தச் செலவு ஈடுசெய்யப்படுமா என்ற கேள்விக்கு எழுத்துப்பூர்வமான பதில் கையில் இருக்க வேண்டும். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் தனித்தனியே காப்புத் தொகை (நிறுவனம் தரக்கூடிய உச்சத் தொகை) காட்டும் பாலிசி இந்த விஷயத்தில் பாதுகாப்பானது.

மூன்றாவது, திருமணம் நடந்தும் ஆள் வராமல் போவது. எண்ணூறு பேருக்குச் சமைத்து, மழையால் இருநூறு பேர் மட்டும் வந்து, மீதி வீணாவது பெரிய இழப்புத்தான். அதற்கு ஈடு கிடைக்காது. வானிலை ஆய்வு மையம் சிவப்பு எச்சரிக்கை விடுத்தது என்பதற்காக மட்டும் நீங்களாகவே தள்ளிவைத்தாலும் கிடைப்பது சந்தேகமே.

விண்ணப்பத்தை நிரப்பும்போது

பாலிசியின் பயன் விண்ணப்பப் படிவத்தில்தான் தீர்மானமாகிறது. ஏஜென்ட்டிடம் விவரம் சொல்லிவிட்டுக் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுக்கும் பழக்கம் இதில் கூடாது. உட்கார்ந்து நீங்களே நிரப்புங்கள்.

யார் பெயரில் எடுப்பது என்பதில் முதல் கவனம் வேண்டும். மண்டபமும் சாப்பாடும் பெண் வீட்டார் செலவு, வரவேற்பு மாப்பிள்ளை வீட்டார் செலவு என்று பிரித்துக்கொள்ளும் வழக்கம் பரவலாக இருக்கிறது. பெண்ணின் தந்தை தம் பெயரில் மட்டும் பாலிசி எடுத்தால், மாப்பிள்ளை வீட்டார் கட்டிய அட்வான்ஸுக்கு அவர் உரிமை கோர முடியாது; இழப்பு யாருடையதோ அவருக்குத்தான் காப்பீட்டில் உரிமை. இரு தரப்பையும் கூட்டாகக் காப்பீடு பெறுபவர்களாகக் குறிப்பிடச் சொல்லுங்கள். பணம் கட்டியது மணமக்களே என்றால் அவர்கள் பெயரும் இருக்க வேண்டும். மண்டப ரசீது யார் பெயரில் இருக்கிறதோ அதே பெயர், அதே எழுத்துக்கூட்டலோடு பாலிசியிலும் இருக்கட்டும்.

அடுத்தது காப்புத் தொகை. ஒரு தாளில் மண்டப வாடகை, சமையல், அலங்காரம், நாதஸ்வரம், புகைப்படம், பத்திரிகை, வெளியூர் விருந்தினர் தங்கும் அறை, வண்டி என்று ஒவ்வொன்றையும் எழுதி, எதிரே கொடுத்த அட்வான்ஸையும் கொடுக்க வேண்டிய மீதியையும், ரத்தானால் திரும்ப வராத தொகையையும் எழுதுங்கள். திரும்ப வராத அந்தத் தொகைகளின் கூட்டுத்தொகைதான் ரத்துப் பிரிவுக்கான அடிப்படை. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. அட்வான்ஸைத் திருப்பித் தர மாட்டோம், ஆனால் வேறு தேதிக்கு மாற்றித் தருகிறோம் என்று மண்டபத்தார் சொன்னால், காப்பீட்டு நிறுவனம் அந்தத் தொகையை இழப்பாகக் கருதாது. புதிய தேதியில் கூடுதலாகும் வாடகையைத் தருமா என்பது பாலிசியைப் பொறுத்தது. ஆகவே ரத்து, தேதி மாற்றம் ஆகிய இரண்டுக்குமான விதியை மண்டபத்தாரிடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள். நம் ஊரில் பல மண்டபங்களில் கிடைப்பது ஒரு துண்டுச்சீட்டு ரசீதுதான் என்பதால், லெட்டர்பேடில் முத்திரையோடு கேட்பதற்குக் கொஞ்சம் விடாமுயற்சி தேவைப்படும்.

உடைமைகளைப் பொறுத்தவரை, பிரீமியத்தைக் குறைப்பதற்காக மதிப்பைக் குறைத்து எழுதினால் அதன் விளைவு இழப்பீட்டில் தெரியும். நான்கு லட்ச ரூபாய் மதிப்புள்ள அலங்காரத்தை இரண்டு லட்சத்துக்கு மட்டும் காப்பீடு செய்து, ஒரு லட்ச ரூபாய்க்குச் சேதமானால், முழு ஒரு லட்சமும் கிடைக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. பாதி மதிப்புக்குத்தான் காப்பீடு செய்தீர்கள் என்பதால் சேதத்திலும் பாதி, அதாவது 50,000 ரூபாய்தான் கணக்காகும். பாலிசியில் நம் பங்கு என்று குறிப்பிட்ட தொகையும் அதிலிருந்து கழிக்கப்படும்.

பிரீமியம் பெரும்பாலும் காப்புத் தொகையில் ஒன்றிரண்டு சதவீதத்துக்குள் அடங்கும். இடம், மாதம், சேர்க்கும் பிரிவுகள், நகையின் மதிப்பு ஆகியவற்றைப் பொறுத்து மாறும். 15 லட்ச ரூபாய்க்கு ஒரு சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 15,000 ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 2,700 ரூபாய், ஆக 17,700 ரூபாய். ஆயிரம் பேருக்குத் தாம்பூலப் பை கொடுக்கும் செலவைக்கூட இது எட்டாது. கடலூர், நாகப்பட்டினம், சென்னை போன்ற கடலோர ஊர்களில் கார்த்திகையில் நடக்கும் பெரிய திருமணத்துக்கு இந்தச் செலவைத் தயங்காமல் செய்யச் சொல்வேன். சித்திரையிலோ வைகாசியிலோ கோயிலில் நூறு பேரோடு எளிமையாகத் திருமணம் செய்பவர்களுக்கு இது தேவையில்லை. நகைக்கு மட்டும் காப்பு இருந்தால் போதும்.

எப்போது எடுப்பது என்றால், முதல் பெரிய அட்வான்ஸ் கைமாறியவுடன். வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவாகிப் புயலுக்குப் பெயரும் வைத்துவிட்ட பிறகு ஓடினால், தெரிந்த ஆபத்து என்று சொல்லி மறுப்பார்கள். 1938ஆம் ஆண்டின் காப்பீட்டுச் சட்டப்படி, பிரீமியம் நிறுவனத்துக்குச் செலுத்தப்படும்வரை அது ஆபத்தை ஏற்றதாகாது. "நான் பார்த்துக்கொள்கிறேன் சார், நீங்கள் கல்யாண வேலையைப் பாருங்கள்" என்று ஏஜென்ட் சொன்ன வார்த்தை காப்பீடு ஆகாது. ரசீதும் பாலிசி எண்ணும் கைக்கு வந்தனவா என்று பாருங்கள்.

காப்பு எந்த நேரத்தில் தொடங்கி எந்த நேரத்தில் முடிகிறது என்பதையும் பார்க்க வேண்டும். பத்திரிகையில் அச்சிட்ட நேரத்தை அடிப்படையாகக் கொள்ளும் பாலிசிகள் உள்ளன. பந்தக்கால் நடுவதும் நலுங்கும் வீட்டில் நடந்து, முந்தின நாள் மாலை மண்டபத்தில் மாப்பிள்ளை அழைப்பும் வரவேற்பும், மறுநாள் காலை முகூர்த்தமும் என்றால், இவை அனைத்தும் இடத்தோடும் நேரத்தோடும் பாலிசியில் இடம்பெற வேண்டும். பத்திரிகையின் பிரதியை விண்ணப்பத்தோடு இணைத்துவிடுவது எளிய வழி.

நகையும் மொய்ப் பணமும்

மண்டபத்தில் களவுக்கு எளிதில் இடம்கொடுப்பது மணமகள் அறை. தாலி கட்டும் நேரத்தில் வீட்டார் எல்லோரும் மேடைக்கு ஓட, அறை திறந்தபடியே கிடக்கும். காப்பீட்டு மொழியில் களவு என்பது பெரும்பாலும் பூட்டையோ கதவையோ உடைத்து உள்ளே நுழைந்து திருடுவதையே குறிக்கும். திறந்த அறையில் இருந்து கைப்பை காணாமல் போனால், உடைத்த அடையாளம் இல்லை என்று கோரிக்கை நிராகரிக்கப்படலாம். உடைக்காமல் நடக்கும் திருட்டும் சேருமா என்று கேட்டு, சேரும் என்றால் அந்த வாசகத்தைச் சேர்க்கச் சொல்லுங்கள். எப்படியானாலும் அந்த அறைக்கு ஒருவரை நிறுத்துவதும், சாவியை அவரிடமே விடுவதும், நகைகளை எடையும் பில்லும் புகைப்படமுமாகப் பட்டியலிடுவதும் அவசியம். பரம்பரை நகைக்குப் பில் இருக்காது; அங்கீகாரம் பெற்ற மதிப்பீட்டாளரிடம் சான்று வாங்கிக்கொள்ளலாம். அணிந்த நிலையில் பறிபோகும் நகைக்கும், லாக்கரில் இருந்து மண்டபத்துக்கு எடுத்து வரும் வழியில் பறிபோகும் நகைக்கும் விதிகள் வெவ்வேறாக இருப்பதையும் கவனியுங்கள்.

மொய்ப் பணத்துக்கான காப்பு ஒரு குறிப்பிட்ட வரம்புக்குள்தான் கிடைக்கும், அதுவும் எல்லாப் பாலிசியிலும் இல்லை. எவ்வளவு வந்தது என்பதற்கு மொய் நோட்டைத் தவிர வேறு ஆதாரம் இருக்காது என்பதால், எழுதுகிறவர் பக்கத்துக்குப் பக்கம் கூட்டுத்தொகை போட்டு, மணிக்கொருமுறை பணத்தை எண்ணிப் பெட்டியில் பூட்டி, இரண்டு பேர் கையெழுத்திடுவது நல்ல ஏற்பாடு.

இழப்பு நேர்ந்தால்

அந்த நாளின் பதற்றத்தில் மணமக்களால் இதைச் செய்ய முடியாது. நம்பகமான சித்தப்பாவோ நண்பரோ ஒருவரிடம் பாலிசி நகல், நிறுவனத்தின் தொலைபேசி எண், மின்னஞ்சல் முகவரி, எல்லா ரசீதுகளின் பிரதி ஆகியவற்றை முன்பே கொடுத்து வைத்துவிடுங்கள். அவர் முதலில் செய்ய வேண்டியது நிறுவனத்துக்குத் தொலைபேசியில் தெரிவித்து, உடனேயே மின்னஞ்சலிலும் எழுதுவது. ரத்து செய்வதா தள்ளிவைப்பதா என்ற முடிவை எடுக்கும் முன்பே தெரிவித்துவிட்டால், உங்களாகவே நிறுத்தினீர்கள் என்ற வாதத்துக்கு இடமில்லாமல் போகும்.

மண்டபத்தில் தண்ணீர் நின்ற உயரம் தெரியும்படி படமும் வீடியோவும் எடுக்க வேண்டும். சேதமான பொருட்களை இழப்பை மதிப்பிட நிறுவனம் அனுப்பும் சர்வேயர் வந்து பார்க்கும்வரை அப்புறப்படுத்தக் கூடாது. அழுகும் பொருளாக இருந்தால் படம் எடுத்து, அப்புறப்படுத்தப்போவதை மின்னஞ்சலில் தெரிவித்துவிட்டுச் செய்யலாம். அன்றைய வானிலை அறிக்கை, மாவட்ட ஆட்சியரின் விடுமுறை அறிவிப்பு, ரயில் ரத்து அறிவிப்பு, நாளிதழ்ச் செய்தி ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள். தீ என்றால் தீயணைப்புத் துறையின் அறிக்கையும், மருத்துவக் காரணம் என்றால் டிஸ்சார்ஜ் சம்மரியும் வேண்டும். களவு என்றால் காவல் நிலையத்தில் புகாரைப் பெற்றுக்கொண்டதற்குத் தரும் சிஎஸ்ஆர் ரசீதோடு திரும்பிவிடாதீர்கள். காப்பீட்டு நிறுவனம் கேட்பது எஃப்ஐஆர்; அதைப் பதிவுசெய்து பிரதி தரும்படி வற்புறுத்துங்கள்.

கோரிக்கை மறுக்கப்பட்டாலோ குறைத்துத் தரப்பட்டாலோ, முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுத வேண்டும். அதோடு, காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ நடத்தும் பீமா பரோசா தளத்திலும், 155255 என்ற எண்ணிலும் புகாரைப் பதிவுசெய்யலாம். ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் ஏற்கத்தக்கதாக இல்லாவிட்டாலோ, நிறுவனத்தைச் சாராத காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் (ஆம்புட்ஸ்மேன்) ஓராண்டுக்குள் போகலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னை தேனாம்பேட்டையில் அண்ணா சாலையில் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் வேண்டாம். 50 லட்ச ரூபாய் வரை தீர்ப்பளிக்கும் அதிகாரம் அவருக்கு உண்டு, அந்தத் தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். மாவட்ட நுகர்வோர் ஆணையமும் ஒரு வழிதான். அங்கே இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும். நுகர்வோர் ஆணையத்துக்குப் போய்விட்டால் அதே விஷயத்தைக் குறைதீர்ப்பாளர் எடுத்துக்கொள்ள மாட்டார் என்பதால், செலவில்லாத வழியை முதலில் முயன்று பார்ப்பதே முறை.